எட்டுக் கோப்பைத் தேநீரும் எட்டுப் பிள்ளைக் காம்பராவும்

முட்டைக்குப் பணம் கிடைத்துவிட்டது. அதை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு வாரமாக இழுபறி.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பட்டதாரிகள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களில் நாளுக்கொரு அவித்த முட்டை கொடுக்கப் போகிறார்களாம். எட்டுக் காம்பராக்களுக்கு ஓராண்டுக்குப் போதுமான நன்கொடை கையில் இருக்கிறது. ஒரு காம்பராவில் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் 20 பேர், மாதத்தில் 25 நாள் என்று வைத்தால் மாதம் 4,000 முட்டை, வருடத்துக்கு 48,000. வெறும் அன்னதானமாக முடிந்துவிடக் கூடாது, பலன் இருந்தால் அதை எண்ணிக்கையில் காட்ட வேண்டும், அப்போதுதான் கம்பனியிடமும் அரசிடமும் போய் வாய் திறக்கலாம் என்கிறார்கள். நான் பொதுச் சுகாதார ஆய்வுகளுக்குப் புள்ளிவிபரம் பார்க்கிறவன். யாருக்குக் கொடுத்து, யாருக்குக் கொடுக்காமல், யாரோடு யாரை ஒப்பிடுவது என்று வகுப்பதுதான் என் பிழைப்பு. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அந்த வழிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரச்சினை கற்பனையில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப் பகுதியை மட்டும் எடுத்தால் 31.7 வீதம்.

முதல் கூட்டத்திலேயே ஒரு தம்பி கேட்டார்: “முட்டைதானே அண்ணே, விஷமா? கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்குச் சோதனை?” கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நோய்த் தடுப்பு என்பது பெரும்பாலும் நோயில்லாதவருக்குக் கொடுப்பது. நோயாளி மருந்தின் தீமையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். நோயில்லாதவர் எதற்காகப் பொறுக்க வேண்டும்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, கரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டினும் விட்டமின் ஈயும் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. காய்கறியில் இருக்கிற சத்துத்தானே என்று எல்லோரும் நம்பியிருந்த பொருள் அது.

முட்டை புற்றுநோய் தரப் போவதில்லை. ஆனால் பலனே தராமல் போகலாம். எக்குவடோரின் மலைப் பிரதேசத்தில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் 163 பேரை வைத்து நடந்த பரிசோதனையில், ஆறு மாதம் நாளுக்கொரு முட்டை சாப்பிட்டவர்களின் வயதுக்கேற்ற உயரம் மற்றவர்களைவிட 0.63 நியம விலகல் (உயரங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவுகோல்) கூடியிருந்தது. 2017இல் அது வெளியானபோது, முட்டையைப் பிடித்துக்கொண்டால் குள்ளத்தன்மையை ஒழித்துவிடலாம் என்று பலர் துள்ளினார்கள். இரண்டு ஆண்டு கழித்து மலாவியில் 660 குழந்தைகளை வைத்து அதே வயதில், அதே ஆறு மாதம் பார்த்தார்கள். உயரத்தில் வித்தியாசமில்லை. மலாவியில் அது ஏரிக்கரைப் பகுதி. குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் எக்குவடோரின் பக்கமா, மலாவியின் பக்கமா? ரொட்டியும் பருப்பும் சம்பலும் சாப்பிடும் வீட்டைப் பார்த்தால் எக்குவடோர் என்று தோன்றுகிறது. தோன்றுவதை நம்பித்தான் பீட்டா கரோட்டினையும் விழுங்கினார்கள்.

முதல் வழி எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது. எட்டுக் காம்பராக்களிலும் இன்று அளந்துவிடு, ஒரு வருடம் முட்டை கொடு, திரும்ப அள. கூடியிருந்தால் முட்டையின் புண்ணியம்.

இந்த வழியில் நானே ஒருமுறை சறுக்கி விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்தில் சத்துணவு கொடுத்துப் பிள்ளைகளின் நிறையை முன்னும் பின்னும் அளந்தோம். சராசரி எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கூடியிருந்தது. மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதி, படமும் போட்டுக் கொடுத்தாயிற்று. பிறகு ஒருநாள் அந்தக் காம்பராவுக்குப் போனபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: “பழைய தராசு உடைந்துவிட்டது தம்பி, நடுவில் புதியது கொடுத்தார்கள்.” புதிய தராசில் என் கைப்பையை வைத்துப் பார்த்தேன். கடைத்தராசு காட்டியதைவிட 400 கிராம் கூடக் காட்டியது. எங்கள் சத்துணவின் சாதனையில் பெரும்பங்கு அந்த 400 கிராம். கொழுந்து நிறுக்கும் தராசை மூன்று தலைமுறையாகச் சந்தேகித்து, சண்டை பிடித்து, கிலோவுக்குக் கிலோ கணக்குக் கேட்ட வீட்டிலிருந்து வந்தவன் நான். பிள்ளைத் தராசைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

தராசு மாறாமல் இருந்தாலும் காலம் மாறும். 2021இன் தொடக்கத்தில் முன்னளவு எடுத்து 2022இல் பின்னளவு எடுத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அடுத்தடுத்து இரசாயன உர இறக்குமதித் தடை வந்தது. கொழுந்து குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. மறு வருடம் பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்றது. இதற்கு நடுவில் ஒரு முட்டை என்ன செய்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? இன்னொரு பொறியும் இருக்கிறது. மிக மெலிந்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தால், அவர்களில் சிலர் அளந்த அன்று காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து மெலிந்திருந்தவர்களாக இருப்பார்கள். அடுத்த தடவை எதுவும் கொடுக்காமலே தேறியிருப்பார்கள்.

முன்பின் ஒப்பீடு எல்லாமே குப்பை என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டின் மிகப் பெரிய தடுப்பு வெற்றிகளில் ஒன்று அப்படித்தான் தெரியவந்தது. இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு 47 என்று உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டு மிகக் கொடிய பூச்சிமருந்துகள் தடை செய்யப்பட்டன, 1998இல் எண்டோசல்பானும் தடையானது. 2005 வாக்கில் வீதம் பாதியாகிவிட்டது. வேலையின்மை, மதுப் பாவனை, போர் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தோடு அந்த வீழ்ச்சி பொருந்தவில்லை. தடைகளின் ஆண்டுகளோடு பொருந்தியது. பாதி நாட்டில் தடை, பாதி நாட்டில் தடையில்லை என்று சீட்டுக் குலுக்க முடியாது. குலுக்கத் தேவையும் இருக்கவில்லை. இன்னொரு பக்கம், பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தால் போதும் என்று பலர் நம்பினார்கள். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை, 53,382 வீடுகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டியால் பூச்சிமருந்து அருந்துவது குறையவில்லை. முறையாகச் சோதிக்காமல் இருந்திருந்தால் இன்று நாடு முழுவதும் பெட்டி விநியோகித்துக்கொண்டிருப்போம்.

விளைவு மலையளவு பெரிதாக, திடீரென்று, பல வருடப் பதிவேட்டில் கண்ணுக்குத் தெரியும்படி வந்தால் முன்பின் போதும். முட்டையால் வரக்கூடியது சில மில்லிமீற்றர். அதற்கு இந்த வழி உதவாது.

இரண்டாவது வழியைச் சொன்னவர் ஒரு முன்னாள் ஆசிரியர். ஒத்துழைக்கும் தோட்டங்களில் முட்டை கொடுப்போம், ஒத்துழைக்காத தோட்டங்களோடு ஒப்பிடுவோம் என்றார். ஒத்துழைக்கும் தோட்டம் எது? தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நல்லவர், பிள்ளைக் காம்பராவில் தண்ணீர் வருகிறது, பராமரிக்கும் அம்மா பயிற்சி பெற்றவர். அங்கே முட்டை கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் நன்றாகத்தான் இருப்பார்கள்.

இதற்கு வரலாற்றில் அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. 1954இல் அமெரிக்காவில் சால்க்கின் போலியோத் தடுப்பூசியைச் சோதித்தபோது இரண்டு வழிகளையும் அருகருகே நடத்திவிட்டார்கள். சில மாவட்டங்களில் இரண்டாம் வகுப்பில் சம்மதித்தவர்களுக்கு ஊசி போட்டு, முதலாம், மூன்றாம் வகுப்புகளைச் சும்மா கவனித்தார்கள். மற்ற மாவட்டங்களில் சம்மதித்தவர்களையே சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தடுப்பு மருந்தில்லாத போலி ஊசி. சீட்டுப் போட்ட இடத்தில் போலியோ இலட்சத்துக்கு 71லிருந்து 28ஆக இறங்கியது. சீட்டுப் போடாத இடத்தில் 54க்கு எதிராக 25. அதே ஊசிதான், ஆனால் பலன் சிறுத்துத் தெரிந்தது. சும்மா கவனித்த வகுப்புகளில் சம்மதிக்காத குடும்பங்களின் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள்; அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் போலியோ 46 மட்டுமே என்பதில் காரணம் இருக்கிறது. சம்மதித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுக்காரர்கள். சுத்தமான வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்குக் கிருமியோடு முன்பழக்கமில்லை, போலியோ அவர்களைத்தான் கூடத் தாக்கியது. சம்மதம் சொல்லும் குணம்கூட நோயோடு உறவு கொண்டாடும் என்று அதற்குமுன் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? ஆசிரியர் அமைதியாகிவிட்டார். நல்ல மனிதர், பிறகு அவர்தான் எங்கள் கட்சி.

அப்படியென்றால் சீட்டுத்தான். யாருக்குச் சீட்டு? மூன்றாவது வழி, ஒரே காம்பராவின் 20 பிள்ளைகளுக்கும் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்கு முட்டை என்பது. கணக்கில் இதைப் போல் சுத்தமான வழி இல்லை. அதே தண்ணீர், அதே அம்மா, அதே மழை; முட்டை மட்டுமே வித்தியாசம். எக்குவடோரில் குழந்தை குழந்தையாகத்தான் பிரித்தார்கள். அங்கே முட்டை வீட்டுக்குப் போனது.

இங்கே அது நடக்காது என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு லயத்தில் பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுத்த காலம். சீட்டில் ஒரு தாயின் மகளுக்கு விழுந்தது, அடுத்த வீட்டில் இருந்த அவளுடைய அண்ணியின் மகனுக்கு விழவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், முன்திண்ணையான இஸ்தோப்பு ஒன்றே. நான் போன நேரம் அந்த இஸ்தோப்பில் ஒரே கோப்பையில் சத்துமா கரைத்து, ஒரே கரண்டியால் இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறி ஊட்டிக்கொண்டிருந்தாள். “இது உங்கள் மகளுக்கு மட்டும்தானேம்மா?” என்றேன். “அதெப்படி சேர், அண்ணி பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க என் பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவது?” என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. தவறு எங்கள் திட்டத்தில். இப்படிப் பங்கு போனால் இரண்டு குழுவும் ஒன்றை ஒன்று ஒத்துப்போகும், கடைசியில் சத்துமாவில் பலனில்லை என்று எழுத வேண்டி வரும். பலன் இருந்தது, அது இரண்டாகப் பகிரப்பட்டது என்பது அட்டவணையில் தெரியாது. பிள்ளைக் காம்பராவில் இன்னும் மோசம். பக்கத்துப் பிள்ளை முட்டை உரிக்க, சீட்டு விழாத பிள்ளை வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பதை எந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்பார்?

நான்காவது வழி, பிள்ளையை விட்டுவிட்டுக் காம்பராவுக்கே சீட்டுப் போடுவது. அதாவது ஒரு தோட்டப் பிரிவின் காம்பரா முழுவதற்கும் முட்டை, இன்னொரு பிரிவின் காம்பரா முழுவதற்கும் இல்லை. தோட்டத்தில் பிரிவைக் ‘கணக்கு’ என்றும் சொல்வோம்: மேலே இருப்பது மேற்கணக்கு, கீழே இருப்பது பணியக்கணக்கு. இந்த ஆய்வு முழுவதுமே எதை ஒரு கணக்காக எடுப்பது என்பதில்தான் நிற்கிறது. எட்டுப் பிரிவுகளில் 160 பிள்ளைகள் இருந்தால் ஆய்வின் அளவு 160 என்று பட்டதாரிகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். நாம் சீட்டுக் குலுக்கியது 160 தடவையா? எட்டுப் பிரிவுக்குத்தானே?

ஒரே பிரிவுப் பிள்ளைகள் ஒரே பீலித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள், ஒரே குடும்ப நல உத்தியோகத்தர் வந்து பார்க்கிறார். ஒரு பிள்ளையைத் தெரிந்தால் அடுத்த பிள்ளையைப் பற்றி ஓரளவு தெரிந்த மாதிரிதான். அந்த ஒற்றுமைக்கு ஓர் எண் உண்டு. அதை 0.05 என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்காக. அப்போது 20 பேர் கொண்ட கொத்து ஒவ்வொன்றும் 1 கூட்டல் 19 தடவை 0.05, அதாவது 1.95 மடங்கு நீர்த்துப்போகிறது. 160 பிள்ளைகள், தனித்தனியாகப் பிரித்த 82 பிள்ளைகளுக்குச் சமம். சரி, வயதெல்லையைத் தளர்த்திக் காம்பராவுக்கு 40 பிள்ளைகளாக்கினால்? 320 பேரை அளந்து 108 பேரின் பெறுமதி கிடைக்கும். பிரிவுகளை 16 ஆக்கி, காம்பராவுக்கு அதே 20 பேரை வைத்தால், அளப்பது அதே 320 பேர்தான், பெறுமதி 164. எட்டுப் பிரிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு காம்பராவுக்கு ஆயிரம் பிள்ளை அளந்தாலும் 160ஐத் தொட முடியாது. முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, திரும்பப் போட்டேன். கொத்தாகச் சீட்டுப் போட்டுவிட்டு, தனித்தனியாகப் போட்டதைப் போல ஆராய்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் வேலை என்று புள்ளிவிபரவியலாளர் ஜெரோம் கோர்ன்ஃபீல்ட் 1978இலேயே எழுதினார். அந்த ஏமாற்று வேலை இன்றும் அறிக்கைகளில் அமோகமாக நடக்கிறது.

இங்கே தேயிலை வருகிறது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர். இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் அவரோடு வேலை செய்த புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதைச் சோதனையாக வகுத்தார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், வரிசை தற்செயலாக. எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள். குருட்டுவாக்கில் முழுவதும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பு. சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் எழுமாற்றுப் பரிசோதனையின் தர்க்கத்தை 1935இல் ஃபிஷர் விளக்கியது அந்தக் கோப்பைகளை வைத்துத்தான். கொழுந்து பறிப்பவர்கள் மலையகத்தில் எப்போதும் நம்மவர்கள், கோப்பையை வைத்துக் கணிதம் செய்தவர்கள் மட்டும் வேறு யாரோ என்று எனக்குள் ஒரு சின்னப் பொறாமை உண்டு.

எட்டுப் பிரிவுகளில் நான்குக்கு முட்டை என்றால் அதே 70. முட்டைப் பிரிவுகள் நான்கும் மற்ற நான்கையும் முழுவதுமாக முந்தினாலும், முட்டை எந்த வேலையும் செய்யாமலே இவ்வளவு பெரிய வித்தியாசம் இரண்டு திசைகளில் ஒன்றில் வருவதற்கு 70இல் 2 வாய்ப்பு, சுமார் 2.9 வீதம். வழக்கமாகக் கேட்கும் 5 வீதத்துக்குள் வருகிறது. ஆனால் ஒரு பிரிவு கொஞ்சம் முரண்டு பிடித்தால் எல்லை கடந்துவிடும். ஆறு பிரிவுகளோடு தொடங்கினால் வழிகள் 20 மட்டுமே, மிகச் சிறந்த முடிவு வந்தாலும் 10 வீதத்துக்குக் கீழே இறங்காது. தோற்பது தொடங்கும் முன்பே உறுதி. அப்படிப்பட்ட திட்டங்களைப் பணம் கொடுத்து நடத்துகிறார்கள்.

“மேட்டுப் பிரிவை மேட்டுப் பிரிவோடு, பள்ளத்துப் பிரிவைப் பள்ளத்துப் பிரிவோடு சோடி சேர்த்தால் நியாயமாக இருக்குமே?” என்று ஆசிரியர் கேட்டார். நியாயம்தான், ஆனால் அதற்கும் விலை உண்டு. எட்டுப் பிரிவுகளை நான்கு சோடிகளாக்கினால் சீட்டு விழக்கூடிய வழிகள் 16ஆகச் சுருங்கிவிடும். 16இல் 2 என்பது 12.5 வீதம். சோடி சேர்ப்பதை விட்டு, இரண்டு பெரிய அடுக்குகளாக மட்டும் பிரிப்பது எனக்குப் பிடித்தது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கும் பக்கம் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். உரம் சோதிப்பவர்கள் மேட்டையும் பள்ளத்தையும் தனித்தனிக் கட்டமாக்கி, கட்டத்துக்குள் துண்டுகளுக்குச் சீட்டுப் போடுவார்கள். தேயிலைச் செடிக்கு அந்த மரியாதை எப்போதோ கிடைத்துவிட்டது.

ஐந்தாவது வழிக்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் ஏமாறாத வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பிரிவுகளாக முட்டைக்குள் நுழைப்பது, எந்த இரண்டு முதலில் என்பதற்கு மட்டும் சீட்டு. வருட முடிவுக்குள் எட்டும் உள்ளே. காம்பியாவில் 1986இல் தொடங்கி நான்கு ஆண்டுகளில் கல்லீரல் அழற்சி பீ (ஹெப்படைட்டிஸ் பி) தடுப்பூசியைப் பகுதி பகுதியாக நாடு முழுவதும் இப்படித்தான் கொண்டுபோனார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் போட ஊசியும் இல்லை, ஆட்களும் இல்லை. வரிசையாவது நியாயமாக இருக்கட்டும் என்றார்கள். தோட்டத் தலைவரிடம் போய்ச் சொல்வதற்கும் இது சுலபம். “எங்கள் பிரிவுக்கு ஏன் இல்லை?” என்றால், “வரும், ஆடிக்குப் பிறகு” என்று சொல்லலாம்.

எனக்கும் முதலில் இதில் ஆசை இருந்தது. இரண்டு காரணத்தால் விட்டேன். உயரம் மெதுவாக வளர்வது. கடைசியாக நுழையும் பிரிவுக்கு மூன்று மாத முட்டைதான்; அதில் எதை அளப்பது? இரண்டாவது, இந்த வழியில் முட்டை சாப்பிட்ட மாதங்கள் எல்லாம் பிந்திய மாதங்கள், சாப்பிடாதவை முந்திய மாதங்கள். காலத்தின் விளைவைக் கணக்கில் கழிக்க வேண்டும். எல்லாப் பிரிவுக்கும் காலம் ஒரே மாதிரி ஓடுகிறது என்று நம்பினால்தான் அது கழியும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்கு மழை கொட்டும். பதுளை, பசறைப் பக்கம் மழைக்காலம் வருட முடிவில். ஓரிடத்தில் கொழுந்து பொங்கி, தாய்மார் பொழுது சாயும்வரை மலையில் நிற்கும் மாதத்தில் இன்னோரிடத்தில் வேலையே இல்லை. பட்டதாரிகளின் பட்டியலில் இரண்டு பக்கத்துத் தோட்டங்களும் இருந்தன. நீர்த்தாங்கிக்குக் குளோரின் போடுவது போல உடனே பலன் தெரியும் வேலையாக, எப்படியும் எல்லோருக்கும் கொடுத்தே தீர வேண்டியதாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆக, நான் சொன்னது நான்காவது வழி, ஆனால் 16 பிரிவுகளோடு. முட்டை எங்கிருந்து வரும் என்றார்கள். அதே 48,000 போதும். முதல் ஆறு மாதம் சீட்டு விழுந்த எட்டுக்கு, அடுத்த ஆறு மாதம் மற்ற எட்டுக்கு. ஒப்பீடு முதல் ஆறு மாதத்தோடு முடிந்துவிடும்; பின்பாதி வாக்குறுதியைக் காப்பாற்றுவது. கூடுதல் செலவு, இன்னும் எட்டு இடங்களுக்குத் தராசையும் உயரப் பலகையையும் தூக்கிக்கொண்டு போகும் பஸ் செலவுதான். எக்குவடோர்க் குழந்தைகள் நம் பிள்ளைகளைவிடச் சிறியவர்கள், அந்த வயதில் வளர்ச்சி வேகம். நம்மிடம் அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது என்று இப்போதே எழுதி வைக்கச் சொன்னேன். முடிவு வந்தபின் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொள்வது அழகில்லை. எதை அளக்கப் போகிறோம், எப்படி ஆராயப் போகிறோம் என்பதை நம் நாட்டின் மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் முன்கூட்டியே பதியவும் சொன்னேன்.

பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் சீட்டுக் குலுக்கும் முன்பே மூடப்பட வேண்டும். இல்லையென்றால் முட்டைக் காம்பரா எது என்று தெரிந்த மறுநாளே, அதுவரை பாட்டியிடம் இருந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்து சேர்வார்கள். வரட்டும், முட்டையும் கொடுக்கட்டும், ஆனால் கணக்கில் வரக் கூடாது. துரையின் அனுமதிக் கடிதத்தைத் தாயின் சம்மதமாக எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கும்போது கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? மாலையில் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், கணவனும் மாமியாரும் இருக்கும்போது ஒருமுறை, தனியாக ஒருமுறை.

சீட்டை யார் எடுப்பது என்பதில் மறுபடியும் இழுபறி. கடைசியில் 16 பிரிவுகளிலிருந்தும் ஆளுக்கொரு தாய் வர, தேயிலைத் தகர டப்பாவிலிருந்து அவர்களே எடுப்பதாக முடிவு. தராசு ஒன்றே ஒன்று, அதுதான் 16 இடத்துக்கும் போகும். ஒவ்வொரு நாள் காலையிலும் ஐந்து கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளையை ஏற்றுவது.

அளப்பவருக்கு எந்தக் காம்பராவில் முட்டை என்று தெரியக் கூடாது. நிமிர்ந்து நில் என்று ஒரு பிள்ளையிடம் கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டால் அரை சென்ரிமீற்றர் ஏறிவிடும். அதனால் அளப்பவர்களை வேறு ஊரிலிருந்து கொண்டுவருகிறோம், முட்டை அவிக்கும் நேரத்துக்கு முன்பே அளந்து முடிக்கிறோம். எல்லாம் சரியாக வந்தது என்று எழுந்தபோது, ஒரு காம்பராவின் அம்மா கேட்டார்: “முட்டை ஓட்டை என்ன செய்வது தம்பி? நான் எப்போதும் வாசல் ரோஜாச் செடிக்குத்தான் போடுவேன்.” வாசலில் வெள்ளை வெள்ளையாக ஓடு கிடந்தால், வருகிறவருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 16 காம்பராக்களிலும் வாசலில் ரோஜா இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். எட்டுக் காம்பரா ஓடுகளை மற்ற எட்டுக்கும் பங்கிட்டுப் போட்டுவிடலாம் என்று ஆசிரியர் சொல்கிறார்.